₹12,600 கொடுத்து ஃப்யூயல் பம்ப் மாத்தினேன், பிரச்சனை ₹960-ல முடிஞ்சது: வீட்டிலேயே ஃப்யூயல் பிரஷர் பார்ப்பது எப்படி?



இந்த வாரம் எஸ்ஐபி பத்தியும் பேசப் போறதில்ல, டாக்ஸ் ரெஜிம் பத்தியும் பேசப் போறதில்ல. கார் பானட்டைத் திறக்கப் போறோம். "பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல மெக்கானிக் வேலை எதுக்கு?"ன்னு கேக்கலாம். காரணம் சிம்பிள். மூணு வருஷம் கஷ்டப்பட்டு சேர்த்த என் எமர்ஜென்சி ஃபண்டை முதன்முதலா உடைச்சது ஹாஸ்பிடல் பில் கிடையாது, வேலை போனதும் கிடையாது. ஒரு கார் ஒர்க்‌ஷாப் பில். அதுவும் தேவையே இல்லாத பில்லா இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

என்ன நடந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன்.

என்ன நடந்தது?

என்னோடது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். போன வருஷம் ஒரு நாள் பல்லாவரம் மேம்பாலம் ஏறும்போது வண்டி ரெண்டு மூணு தடவை வெட்டி வெட்டி இழுத்தது. காலையில ஸ்டார்ட் பண்ணவும் வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. ஒர்க்‌ஷாப்ல விட்டேன். அரை மணி நேரத்துல பதில் வந்துடுச்சு: "சார், ஃப்யூயல் பம்ப் வீக். மொத்த அசெம்ப்ளியும் மாத்தணும்." லேபரோட சேர்த்து ₹12,600. எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்தது ₹41,000. எடுத்துக் கொடுத்தேன்.

மூணு வாரம் கழிச்சு அதே பாலம், அதே வெட்டல்.

வேற ஒரு ஒர்க்‌ஷாப் போனேன். அங்க சொன்னது இன்னும் சூப்பர்: "முன்னாடி போட்டது டூப்ளிகேட் பம்பா இருக்கும் சார். ஒரிஜினல் போட்டா சரியாயிடும். ₹14,000 ஆகும்."

அப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. ரெண்டு இடத்துலயும் யாரும் எதையும் அளந்து பார்க்கல. ரெண்டு பேரும் சொன்னது ஊகம். அந்த ஊகத்துக்கு மொத்த ரிஸ்க்கும் என்னோடது. ஊகம் சரியா இருந்தா வண்டி ஓடும், தப்பா இருந்தா என் பணம் போகும். ஒரு ஸ்டாக்கை யாராவது "வாங்கு, ஏறும்"னு சொன்னா பேலன்ஸ் ஷீட் கேக்கற நான், ₹12,600 பம்புக்கு ஒரு ரீடிங் கூட கேக்கலையேன்னு ரொம்ப வெட்கமா இருந்தது.

பம்ப் நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல ஒரு எண் இருக்கு. அதுக்குப் பேர்தான் ஃப்யூயல் பிரஷர்.

ஃப்யூயல் பிரஷர்னா என்ன?

அபார்ட்மென்ட்ல மொட்டை மாடி தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க. கீழ் வீட்டுல குழாய் திறந்தா ரெண்டு நிமிஷத்துல பக்கெட் நிறையும். மேல் மாடியில பிரஷர் கம்மி, அதே பக்கெட்டுக்கு நாலு நிமிஷம் ஆகும். குழாய் ஒண்ணுதான், திறந்து வைக்கிற நேரமும் ஒண்ணுதான்னா, பிரஷர் குறைஞ்ச இடத்துல தண்ணி கம்மியா வரும்.

பெட்ரோல் இன்ஜின்ல அந்தக் குழாய்தான் இன்ஜெக்டர். இன்ஜினோட கம்ப்யூட்டர் (இசியூ) ஒவ்வொரு தடவையும் இன்ஜெக்டரை சில மில்லி செகண்ட் திறந்து மூடுது. எவ்வளவு நேரம் திறக்கணும்னு கணக்குப் போடும்போது, பின்னாடி பிரஷர் சரியா இருக்குன்னு நம்பித்தான் போடுது. பெரும்பாலான சாதாரண பெட்ரோல் கார்ல (போர்ட் இன்ஜெக்‌ஷன்னு சொல்வாங்க) இந்த பிரஷர் சுமார் 3 முதல் 4 பார். பிஎஸ்ஐ கணக்குல சுமார் 43 முதல் 58. டயருக்கு 32 பிஎஸ்ஐ அடிக்கிறோமே, அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

பிரஷர் 3 பார்ல இருந்து 2 பாருக்கு இறங்கினா, அதே நேரத்துல வர்ற பெட்ரோல் சுமார் 18% குறையும். இசியூ இதை சைலன்சர் பக்கம் இருக்கற ஆக்ஸிஜன் சென்சார் மூலமா கண்டுபிடிச்சு, இன்ஜெக்டரை இன்னும் கொஞ்சம் நேரம் திறந்து வச்சு சமாளிக்கும். அதனாலதான் பம்ப் வீக்கானாலும் சமதளத்துல வண்டி ஒழுங்கா ஓடும். பாலம் ஏறும்போது, ஓவர்டேக் பண்ணும்போது பெட்ரோல் நிறைய தேவைப்படும். அங்கதான் மாட்டிக்கும்.

ஆனா இதே அறிகுறி தேய்ஞ்ச ஸ்பார்க் பிளக்குக்கும் வரும், இக்னிஷன் காயில் போனாலும் வரும், அழுக்கு இன்ஜெக்டருக்கும் வரும். அறிகுறியை மட்டும் பார்த்து பம்புக்குப் பணம் கொடுக்கக் கூடாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

முதல்ல பைசா செலவில்லாத டெஸ்ட்

கேஜ் வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பண்ணிடுங்க. ஒண்ணுக்குக்கூட எந்த பைப்பையும் கழட்ட வேண்டாம்.

1. காது டெஸ்ட்: ஏசி, பாட்டு எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, சாவியை ஆன் பொசிஷனுக்குத் திருப்புங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. புஷ் பட்டன் வண்டின்னா பிரேக், கிளட்ச் மிதிக்காம பட்டனை அழுத்துங்க. பல கார்கள்ல பின் சீட்டுப் பக்கமிருந்து ரெண்டு செகண்ட் மெல்லிசா ஒரு 'ஙொய்ய்' சத்தம் வரும். அது பம்ப் பிரஷர் ஏத்துற சத்தம். வழக்கமா கேக்குற சத்தம் இப்ப கேக்கலைன்னா, பம்புக்கு முன்னாடி ஃப்யூஸையும் ரிலேயையும் பாருங்க. ஒரு ஃப்யூஸ் பத்து இருபது ரூபாய்தான்.

2. மூணு தடவை சாவி டெஸ்ட்: காலையில முதல் ஸ்டார்ட் லேட்டாகுதா? சாவியை ஆன் பண்ணி மூணு செகண்ட் விட்டு ஆஃப் பண்ணுங்க. இப்படி மூணு தடவை பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே ஸ்டார்ட் ஆனா, ராத்திரி நிக்கும்போது லைன்ல பிரஷர் இறங்கிப் போகுதுன்னு சந்தேகப்படலாம். எந்த மாற்றமும் இல்லைன்னா பிரச்சனை வேற பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

3. ஓபிடி ஸ்கேனர்: இது மட்டும் கொஞ்சம் செலவு. ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற போர்ட்ல சொருகி, புளூடூத் மூலமா மொபைல்ல பார்க்கலாம். என்னோடது ₹750. போர்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகள்ல பெரும்பாலும் பிரஷர் சென்சார் இருக்காது, அதனால பிரஷர் நேரா தெரியாது. ஆனா 'லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்'னு ஒண்ணு காட்டும். இசியூ எவ்வளவு கூடுதலா பெட்ரோல் ஊத்தி சமாளிக்குதுன்னு அதுல தெரியும். ப்ளஸ், மைனஸ் 10-க்குள்ள இருந்தா பொதுவா கவலையில்ல. ப்ளஸ் 20-ஐ நெருங்கினாலோ, பி0171 கோடு வந்தாலோ இன்ஜினுக்கு பெட்ரோல் பத்தலை, இல்ல எங்கேயோ கணக்குல வராத காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம்.

என் வண்டியில ட்ரிம் ப்ளஸ் 4 காட்டுச்சு. அதாவது இசியூ பெட்ரோலுக்கு ஏங்கவே இல்ல. சந்தேகம் இன்னும் அதிகமாச்சு. ஆனா ₹14,000 வேண்டாம்னு சொல்ல இது மட்டும் பத்தாது. நேரடியா அளக்கணும்.

யார் இதை வீட்டுல பண்ணவே கூடாது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடாதீங்க.

- டீசல் கார்: காமன் ரெயில் டீசல்ல பிரஷர் 1,600 பாரைத் தாண்டும், சில வண்டிகள்ல 2,000 வரைக்கும் போகும். ஊசி முனை அளவு லீக் கூட தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளியில சின்னப் புள்ளியாத்தான் தெரியும், உள்ள கையே போற அளவுக்கு சீரியஸான காயம். தொடாதீங்க.
- டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல்: நிறைய புது டர்போ பெட்ரோல் கார்கள் இந்த வகை. இன்ஜின் பக்கம் இருக்கற ஹை பிரஷர் லைன் நூறு பாருக்கு மேல போகும். தொடாதீங்க.
- சிஎன்ஜி: சிலிண்டர்ல 200 பார். அதோட எந்த லைனும் நம்ம வேலை கிடையாது.
- வாரன்டியில இருக்கற வண்டி: நீங்க லைனைக் கழட்டினதைக் காட்டி கிளெய்மை மறுக்க வழி உண்டாகும். சர்வீஸ் சென்டருக்கே விடுங்க.
- பேஸ்மென்ட் பார்க்கிங்: பெட்ரோல் ஆவி காத்தைவிட கனமானது, தரையோட தேங்கி நிக்கும். கிட்டத்தட்ட மைனஸ் 40 டிகிரியிலயே தீப்பிடிக்கற அளவுக்கு ஆவி வரும். நம்ம ஊர் வெயில்ல கேக்கவே வேண்டாம். காத்தோட்டமான வெட்டவெளி இல்லைன்னா இந்த டெஸ்ட் இல்ல.

டீசல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரங்களுக்கு ஒரு நல்ல செய்தி: உங்க வண்டியில ரெயில் பிரஷர் சென்சார் ஏற்கனவே இருக்கு. பொதுவா ஓபிடி ஸ்கேனர்லயே ரீடிங் பார்க்கலாம். எதையும் கழட்ட வேண்டியதே இல்ல.

டெஸ்ட் பண்ணலாம் வாங்க

நான் பண்ணது ஊர்ல, விழுப்புரம் பக்கம், வீட்டு வாசல்ல. ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தன் டூ வீலர் மெக்கானிக், அவனைக் கூட வச்சுக்கிட்டேன். முதல் தடவை பண்றவங்க தனியா பண்ணாதீங்க. அனுபவம் இருக்கற ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்.

தேவையானது: ஃப்யூயல் பிரஷர் கேஜ் கிட் (என்னோடது ₹1,900, உள்ளயே பல சைஸ் டி-அடாப்டர் இருந்தது), கண்ணாடி, நைட்ரைல் கிளவுஸ், காட்டன் துணி, ஏபிசி பவுடர் ஃபயர் எக்ஸ்டிங்குஷர், உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கற சரியான பிரஷர் எண். இந்தக் கடைசி ஐட்டம்தான் முக்கியம். "சுமார் 3 பார்"னு நான் சொன்னது பொதுவான எண். ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி ஒரு எண் கொடுத்திருக்கும்.

இன்னொண்ணு: இப்ப பங்க்ல வர்றது எத்தனால் கலந்த பெட்ரோல். கேஜோட ஹோஸ் எத்தனால் தாங்கும்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. டயர் பிரஷர் கேஜ், ஏர் கம்ப்ரஸர் கேஜை எல்லாம் இதுக்குப் பயன்படுத்தாதீங்க.

படி 1: இன்ஜின் நல்லா ஆறி இருக்கணும். ஹேண்ட் பிரேக் போடுங்க, கியர் நியூட்ரல். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்க.

படி 2: லைன்ல இருக்கற பிரஷரை இறக்கணும். ஃப்யூஸ் பாக்ஸ்ல ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸ் இல்ல ரிலே எதுன்னு பாருங்க. மூடியிலயே படம் இருக்கும், ஓனர்ஸ் மேனுவல்லயும் இருக்கும். அதைப் பிடுங்கிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. லைன்ல மிச்சமிருக்கற பெட்ரோல் தீர்ந்ததும் தானா நின்னுடும். இன்னொரு தடவை மூணு செகண்ட் செல்ஃப் அடிங்க. அப்புறம் சாவி ஆஃப், பேட்டரி மைனஸ் டெர்மினலைக் கழட்டுங்க.

படி 3: இன்ஜினுக்கு பெட்ரோல் வர்ற பைப், ஃப்யூயல் ரெயிலோட சேர்ற இடத்தைக் கண்டுபிடிங்க. சில வெளிநாட்டு வண்டிகள்ல ரெயில் மேலயே டயர் வால்வு மாதிரி ஒரு டெஸ்ட் போர்ட் இருக்கும். நம்ம ஊர் வண்டிகள்ல பெரும்பாலும் அது கிடையாது, பிளாஸ்டிக் குயிக் கனெக்டர்தான். துணியைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு, லாக்கை அழுத்தி மெதுவா இழுங்க. கொஞ்சம் பெட்ரோல் கசியும், துணி உறிஞ்சிக்கும். லாக் வரலைன்னா முரட்டுத்தனமா இழுக்காதீங்க. அந்த கனெக்டர் உடைஞ்சா மிச்சம் பிடிக்க வந்த பணம் அங்கேயே போயிடும். அந்த நிமிஷமே மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

படி 4: நடுவுல டி-அடாப்டரை மாட்டுங்க. ரெண்டு பக்கமும் 'க்ளிக்' சத்தம் வரணும். இழுத்துப் பார்த்தா வரக் கூடாது. கசிஞ்ச துணியைத் தூரமா வைங்க, ஆவி போக பத்து நிமிஷம் விடுங்க.

படி 5: பேட்டரி, ஃப்யூஸ் மாட்டிட்டு சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க. ஒருத்தர் சாவிகிட்ட, ஒருத்தர் கேஜ்கிட்ட. எங்கேயாவது ஒரு சொட்டு ஈரம் தெரிஞ்சாலும் உடனே ஆஃப். ஸ்டார்ட்டே பண்ணாதீங்க.

படி 6: லீக் இல்லைன்னா நாலு ரீடிங் எழுதிக்கோங்க. சாவி ஆன்ல, ஐடில்ல, 3,000 ஆர்பிஎம்ல, இன்ஜின் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு.

படி 7: முடிஞ்சதும் மறுபடி படி 2 மாதிரியே பிரஷரை இறக்கிட்டு, பேட்டரி மைனஸையும் கழட்டிட்டு, அப்புறம்தான் அடாப்டரை எடுக்கணும். பைப்பை மாட்டி, சாவி ஆன் பண்ணி லீக் பார்த்துட்டுத்தான் பானட்டை மூடணும்.

கேஜை மாட்டிக்கிட்டு ரோட்டுல ஓட்டிப் பார்க்கற வேலை வேண்டவே வேண்டாம். அது கத்துக்கிட்ட மெக்கானிக் பண்ற டெஸ்ட்.

ரீடிங் என்ன சொல்லுது?

- சாவி ஆன்ல பிரஷரே இல்ல, பம்ப் சத்தமும் இல்ல: ஃப்யூஸ், ரிலே, ஒயரிங் பார்த்துட்டு கடைசியாத்தான் பம்ப். பம்ப் கனெக்டருக்கு கரண்ட் வருதான்னு மல்டிமீட்டர்ல பார்க்கச் சொல்லுங்க. கரண்டே வராத பம்பை மாத்தி என்ன பிரயோஜனம்?
- எல்லா நிலையிலும் பிரஷர் கம்மி: வீக் பம்ப், அடைச்ச ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர் கோளாறு, இல்ல பம்புக்குப் போற வோல்டேஜ் கம்மி. பல வண்டிகள்ல பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர் எல்லாம் டேங்க்குள்ள ஒரே அசெம்ப்ளியா இருக்கும். பில் பெருசாகறதுக்கு அதுதான் காரணம். ஸ்ட்ரெய்னரோ ஃபில்டரோ தனியா கிடைக்குதான்னு கேளுங்க.
- ஐடில்ல சரி, ரெய்ஸ் பண்ணா இறங்குது: பம்ப் பிரஷர் கொடுக்குது, அளவு கொடுக்க முடியல. பம்ப், ஃபில்டர் ரெண்டு மேலயும் சந்தேகம்.
- ஆஃப் பண்ணதும் சர்ருன்னு இறங்குது: பம்ப்ல இருக்கற செக் வால்வு, ரெகுலேட்டர், இல்ல ஒழுகுற இன்ஜெக்டர்.
- ஸ்பெக்கைவிட அதிகம்: ரெகுலேட்டர் பிரச்சனை. பெட்ரோல் அதிகமா எரியும், மைலேஜ் அடி வாங்கும்.

சில பழைய வண்டிகள்ல ரெகுலேட்டர் இன்ஜின் வேக்யூமோட இணைஞ்சிருக்கும். அதுல ஐடில் ரீடிங், சாவி ஆன் ரீடிங்கைவிட அரை பார் வரைக்கும் கம்மியா காட்டும். அது நார்மல், பயப்படாதீங்க.

என் வண்டி ரிசல்ட்

சாவி ஆன்ல 3.0 பார். ஐடில்ல 3.0. 3,000 ஆர்பிஎம்ல 3.0. ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு 2.8. மேனுவல்ல போட்டிருந்தது 3.0.

'டூப்ளிகேட்'னு சொன்ன பம்ப் அதோட வேலையை ஒழுங்கா பார்த்துக்கிட்டு இருந்தது. ₹14,000 தப்பிச்சது.

நின்ன இடத்துல ரெய்ஸ் பண்றது பாலம் ஏறுற லோடுக்குச் சமம் கிடையாது, இன்ஜெக்டர் அடைப்பையும் இந்த கேஜ் காட்டாது. அது எனக்கும் தெரியும். ஆனா அடுத்து எதைப் பார்க்கணும்னு முடிவு பண்ண இது போதும். எது சந்தேகமோ, அதுல விலை கம்மியானதுல இருந்து ஆரம்பிக்கணும். ஃப்ரெண்ட் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டினான். முனை தேய்ஞ்சு கேப் அகலமாகியிருந்தது, ஒண்ணுல பீங்கான்ல மெல்லிசா கீறல். முந்தின ஓனர் மாத்தினாரா இல்லையான்னு எந்த ரெக்கார்டும் இல்ல. புது பிளக் நாலு, ஒண்ணு ₹240. மொத்தம் ₹960. அன்னிக்கு சாயங்காலம் சென்னை திரும்பும்போது பாலம் ஏறுச்சு பாருங்க, ஒரு வெட்டல் இல்ல. ஏழு மாசம் ஆச்சு, இன்னும் இல்ல.

அப்ப பழைய பம்ப் நல்லாத்தான் இருந்ததா? இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இனிமே கிடைக்கவும் போறதில்ல. ஏன்னா மாத்தறதுக்கு முன்னாடி ரீடிங்கும் கேக்கல, மாத்தினதுக்கு அப்புறம் பழைய பம்பையும் கேட்டு வாங்கல. ₹12,600 போனதைவிட எனக்கு இதுதான் உறுத்துது.

இப்ப பணக் கணக்கு

கேஜ் ₹1,900, ஸ்கேனர் ₹750, பிளக் ₹960. மொத்தம் ₹3,610. இதை முதல் நாளே பண்ணியிருந்தா ₹12,600 கையில இருந்திருக்கலாம்.

அதுக்காக எல்லாரும் இன்னிக்கே கேஜ் ஆர்டர் போடுங்கன்னு நான் சொல்லல. ஒரு கார் வச்சிருக்கற ஒருத்தருக்கு இந்தக் கேஜ் அஞ்சு வருஷத்துல ஒரு தடவை தேவைப்பட்டாலே அதிகம். ஆபீஸ்ல நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒண்ணு வாங்கினா ஆளுக்கு ₹475. அதைவிட நல்ல வழி, கேஜ் வச்சிருக்கற மெக்கானிக்கைத் தேடிப் போய், செக்கிங் சார்ஜ் கொடுத்து, உங்க கண்ணு முன்னாடி அளக்கச் சொல்றது. ஐந்நூறு, அறுநூறு கேட்டாலும் சந்தோஷமா கொடுங்க.

இங்க நம்ம தப்பையும் ஒத்துக்கணும். "சும்மா பார்க்கறதுக்கா ₹500?"ன்னு சண்டை போடுறது நாமதான். அதே கையால ₹12,000 பார்ட்ஸ் பில்லுக்கு ஜிபே பண்றதும் நாமதான். கண்டுபிடிக்கற வேலைக்கு காசு கிடைக்காது, மாத்தற வேலைக்குத்தான் கிடைக்கும்னா மெக்கானிக் எதைப் பண்ணுவார்? எல்லாரும் ஏமாத்துறாங்கன்னு நினைக்க வேண்டாம். நாம எதுக்குப் பணம் கொடுக்கறோமோ அதுதான் நமக்குக் கிடைக்குது.

அதனால அடுத்த தடவை ₹5,000-க்கு மேல ஒரு பார்ட் மாத்தணும்னு யாராவது சொன்னா, இந்த நாலு கேள்வி கேளுங்க. எகிற வேண்டாம், "அண்ணே"ன்னு மரியாதையாவே கேக்கலாம்:

1. "அண்ணே, ரீடிங் எவ்வளவு காட்டுது? கம்பெனி சொல்ற அளவு எவ்வளவு?"
2. "இதே அறிகுறி வேற எதனால வரும்? அதையெல்லாம் பார்த்தாச்சா?"
3. "பார்ட்ஸ், லேபர் தனித்தனியா எழுதி எஸ்டிமேட் கொடுக்கறீங்களா?"
4. "பழைய பார்ட்டை எனக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க."

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார். பில்லோட வாங்கின வேலையில ஏமாத்தப்பட்டீங்கன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு கூப்பிடலாம். பில் இல்லைன்னா உங்க பக்கம் பேச எதுவும் இருக்காது.

இன்ஷூரன்ஸ் பத்தியும் ஒரு வரி: சாதாரண மோட்டார் பாலிசி ஆக்ஸிடென்ட் மாதிரியான சேதத்துக்குத்தான். தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் அதுல வராது. பம்ப் போனா உங்க பாக்கெட்தான்.

அதனால கார் வச்சிருக்கறவங்க மாசம் ₹1,500 தனியா ஒரு ஆர்டி போடுங்க. வருஷத்துக்கு ₹18,000. சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் அதுல இருந்துதான் போகணும். கார் ரிப்பேர் எமர்ஜென்சி கிடையாது, எப்ப வரும்னு தெரியாத, ஆனா கண்டிப்பா வரப்போற செலவு. எமர்ஜென்சி ஃபண்ட் உங்க வேலைக்கும் உடம்புக்கும்தான்.

கடைசியா, ₹300 பெட்ரோல் பழக்கம்

மாசக் கடைசியில ரிசர்வ்ல ஓட்டி, ₹300-க்கு ₹300-க்குன்னு பெட்ரோல் போடற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. எனக்கும் இருந்தது. டேங்க்குள்ள இருக்கற பம்பைக் குளிர வைக்கறதும், அதுக்கு எண்ணெய் மாதிரி வழவழப்புக் கொடுக்கறதும் பெட்ரோல்தான். எப்பவும் காலி டேங்க்ல ஓடினா பம்ப் சூடாகும், அதோட ஆயுசு குறையும். ₹300-ஆ போட்டா மொத்த பெட்ரோல் செலவு குறையப் போறதில்ல. எப்படியும் போடப் போற பெட்ரோல்தானே? சம்பளம் வந்ததும் ஒரு தடவை அதிகமா போட்டுட்டு, கால் டேங்க்குக்குக் கீழ இறங்காம பார்த்துக்கோங்க. ஒரு பைசா கூடுதல் செலவில்லாம பம்புக்குப் பண்ணக்கூடிய பெரிய உதவி இது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை: நாளைக்குக் காலையில வண்டி எடுக்கும்போது சாவியை ஆன் பண்ணிட்டு ரெண்டு செகண்ட் காதைக் கொடுங்க. உங்க வண்டி நல்லா இருக்கும்போது அந்த பம்ப் எப்படிச் சத்தம் போடும்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஒரு நாள் அது மாறினா, ஒர்க்‌ஷாப்காரர் சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கேஜ் ரீடிங் எடுத்த முழு வீடியோவும் சேனல்ல இருக்கு, பார்த்துட்டு படி 3-க்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சுட்டு இறங்குங்க. அடுத்த வாரம் வேற ஒரு கணக்கோட சந்திக்கலாம்.